படக்கதையில் கதையைச் சொல்வது படமா, எழுத்தா? எல்லையோரப் பள்ளியிலிருந்து ஒரு கேள்வி

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்வழி வகுப்புகள் இன்றும் நடக்கும் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு நூலகத்திற்கு வாங்க வேண்டிய நூல்களின் பட்டியலில் பத்துப் படக்கதைப் புத்தகங்களையும் எழுதிக் கொடுத்திருந்தேன். "படம் பார்ப்பது வாசிப்பு ஆகாது" என்று சொல்லி அந்தப் பத்தையும் அடித்துவிட்டார்கள். அந்த ஒரு வரி இன்னும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன், படக்கதையை வாசிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதை நான் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சென்ற வாரம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் சேர்த்து வைத்திருந்த பழைய இரும்புக்கை மாயாவி இதழ் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். 1962-இல் வாலியண்ட் என்ற பிரிட்டன் வார இதழில் பிறந்து, 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழின் நாயகனாகத் தமிழுக்கு வந்தவர் இந்த மாயாவி என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அவருடைய உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது. வசனக் குமிழிகளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு ஒரே ஒரு கட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், மேசையின் கீழ் இழுப்பறைப் பிடியில், ஒரு கை மட்டும் தெரிகிறது. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டேன். இரண்டு பேர் என்றார்கள். இரண்டாமவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "முட்டி போட்டிருக்கிறார் டீச்சர், கை அவ்வளவு தாழ்வாக இருக்கும்போது ஆள் நிற்க முடியாது" என்றாள்.

முட்டி போட்ட அந்த உருவத்தை ஓவியர் வரையவில்லை. தாளை எடுத்துப் பார்த்தேன். குமிழியிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கை இருக்கும் உயரத்தை வைத்துக் கணக்கிட்டு, பதினொரு வயதுப் பிள்ளை தானே வரைந்துகொண்ட உருவம் அது. இதை வாசிப்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதை வாசிப்பு என்று சொல்வது?

என் கட்சி இதுதான். படமும் எழுத்தும் ஒரே செய்தியை இரண்டு முறை சொன்னால் அது படம் போட்ட கதை. ஆளுக்கொரு பாதியைச் சொல்லி, நடுவே வாசகருக்கு இடம் விட்டால்தான் அது படக்கதை. ஜெனீவாவில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு 1830களில் இத்தகைய கதைகளை வரைந்து வெளியிட்ட ரொடால்ஃப் டோப்ஃபர், தம் படங்கள் எழுத்தில்லாமல் மங்கலான பொருளையே தரும் என்றும், எழுத்தோ படங்களில்லாமல் பொருளே தராது என்றும் அன்றே கருதினார். உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

நகரி வாசகர் எழுதியது:

டீச்சருக்கு வணக்கம். நான் ஆந்திர எல்லையில் இருப்பவன். வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தவன். உங்கள் வகுப்பில் நடந்ததைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் ஆளுக்கொரு பாதி என்ற உங்கள் கணக்கை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில், தாத்தா காளஹஸ்தியில் வாங்கி வந்த கலம்காரித் திரைச்சீலை ஒன்று தொங்கும். கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப்பாலிலும் தோய்த்துக் காயவைத்த துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு எடுத்த கறுப்பை மூங்கில் எழுதுகோலால் தொட்டுக் கோடு இழுத்த வேலை. நடுவில் பட்டாபிஷேகம் பெரிய கட்டமாக இருக்கும். அதைச் சுற்றி ராமாயணம் வரிசை வரிசையாகச் சிறு கட்டங்களில் ஓடும். கட்டங்களுக்கு மேலே மெல்லிய பட்டையில் தெலுங்கு எழுத்து இருக்கும். கட்டம், வரிசை, எழுத்து என்று இன்றைய காமிக்ஸ் பக்கத்தில் இருப்பவை யாவும் அந்தத் துணியில் உண்டு.

என் பாட்டிக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தமிழில் கதை சொல்வார். அசோகவனக் கட்டத்திற்கு வந்ததும், "இன்னும் மோதிரத்தைக் கொடுக்கவில்லை, கையை எப்படி மூடிக்கொண்டிருக்கிறார் பார்" என்று நிறுத்துவார். நான் மூன்றாம் வகுப்பில் தெலுங்கு கூட்டி வாசிக்கப் பழகியதும் முதலில் ஓடிப் போய்ப் படித்தது அந்தப் பட்டையைத்தான். அனுமன் சீதைக்கு மோதிரம் கொடுத்தது என்று அதில் எழுதியிருந்தது. எழுத்துக்காரர் எழுதியது ஒரு கதை, பாட்டி சொன்னது இன்னொரு கதை. படம் இரண்டுக்கும் ஈடுகொடுத்து நின்றது. ஆகவே படத்துக்கு எழுத்து கட்டாயம் தேவை என்பதை நான் ஏற்கவில்லை. எந்த மொழியின் எழுத்தை வைத்தாலும் தாங்குகிற படம்தான் அங்கே முதன்மை.

சித்தூர் நூலகர் எழுதியது:

நான் பாலக்காட்டுச் சித்தூர். நகரித் தம்பி தங்கள் ஊர்ப்பக்கத்துச் சித்தூர் என்று எண்ணிவிடக் கூடாது. நூலகப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், டீச்சர் விரும்பாத ஒரு கருத்தை மரியாதையுடன் முன்வைக்கிறேன். படக்கதைப் புத்தகம் எடுத்துச் செல்லும் பிள்ளை பத்தே நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேட்பதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கண் படத்திலிருந்து படத்துக்குத் தாவுகிறது. எழுத்து பெரும்பாலும் தொடப்படுவதில்லை.

1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவை நினைத்துப் பாருங்கள். பக்கம் முழுதும் உரைநடை ஓடும். படம் ஒரு தருணத்தை மட்டும் காட்டும். வேதாளக் கதைகளுக்குக் கே. சி. சிவசங்கரன் அவர்கள் வரைந்த படத்தை யாரால் மறக்க முடியும்? உருவிய வாளோடு இருட்டில் நடக்கும் அரசனும், அவன் தோளில் கிடக்கும் பிணமுமாக அந்த ஒரே படம் போதுமானதாக இருந்தது. மற்றவற்றை நாங்கள் எழுத்திலிருந்து கற்பனை செய்துகொண்டோம். எல்லாக் கட்டங்களையும் வரைந்து கையில் கொடுத்துவிட்டால் பிள்ளைக்குக் கற்பனை செய்ய என்ன மிஞ்சும்?

வேலந்தாவளம் வடிவமைப்பாளர் எழுதியது:

அயல்நாட்டுக் காமிக்ஸின் தமிழ்ப் பதிப்புகளில் குமிழிக்குள் எழுத்தைப் பொருத்தும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். சில நேரங்களில் மொழிபெயர்ப்பையும் சேர்த்தே பார்ப்பதுண்டு. படம் முதன்மையா, எழுத்து முதன்மையா என்ற கேள்வி எங்கள் மேசையில் அன்றாடம் எழுகிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். குமிழியை அந்த நாட்டு ஓவியர் அவருடைய மொழிக்கு அளந்து வரைந்திருக்கிறார். நம் வினைச்சொல்லோ காலம், இடம், எண் எல்லாவற்றையும் தன்னோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்ற ஒரே சொல்லில் 13 எழுத்துகள். ஒல்லியான நெட்டைக் குமிழியில் அதை உடைக்காமல் வைக்க முடியாது. உடைத்தால் வாசகரின் கண் தடுக்கும். எழுத்தைச் சிறிதாக்கினால் பாத்திரம் முணுமுணுப்பது போல் ஆகிவிடும். ஏனென்றால் படக்கதையில் எழுத்தின் அளவுதான் குரலின் அளவு. அப்போது படத்தைத்தான் பார்ப்பேன். ஓடுகிற கால்கள் படத்தில் தெரிகின்றன என்றால் போவதைச் சொல்லும் சொல்லே வேண்டாம், "அதோ!" போதும். படம் சொல்லிவிட்டதை எழுத்திலிருந்து எடுத்துவிடுவது எங்கள் வேலையில் பாதி. இந்த இடத்தில் டீச்சரின் பக்கம்தான் நிற்கிறேன்.

இரண்டாவது, மரியாதை. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். தமிழில் நீயா, நீங்களா என்று முடிவு செய்தே ஆக வேண்டும். மூலத்தின் எழுத்து அதைச் சொல்லாது, படம்தான் சொல்லும். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார், பேசுகிறவரின் முகவாய் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். ஒரு கதையில் வேலையாள் நாற்பது பக்கம் முதலாளியை நீங்கள் என்று பேசிவிட்டு, ஒரு கட்டத்தில் அவர் மேசை மேல் சாய்ந்து நிற்பதைப் பார்த்து அங்கிருந்து நீ என்று மாற்றினோம். மூலத்தில் அந்த மாற்றம் படத்தில் மட்டும் இருந்தது. தமிழில் எழுத்துக்கும் வந்துவிட்டது. அது லாபமா நட்டமா என்று இன்றுவரை எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் வாக்கியத்தைத் தொடங்கி, தாளைத் திருப்பியதும் ஒரு பெயரைச் சொல்லி அதிர வைப்பது படக்கதையில் நெடுநாள் வழக்கம். அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் "உங்கள் தம்பி உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டான்" என்று வந்து, தாளைத் திருப்பும் முன்பே தம்பி வெளிப்பட்டுவிடுவான். ஆகவே "உங்களைக் காட்டிக்கொடுத்தவன்..." என்று கீழே நிறுத்தி, திருப்பியதும் "உங்கள் தம்பி!" என்று முடிக்கிறோம். இதற்கு மறுபக்கமும் உண்டு. தமிழில் எதிர்மறையும் கடைசியில்தான் வருகிறது. "அந்தப் பெட்டியை நான் திறக்க..." என்பதோடு ஒரு கட்டம் முடிந்து, அடுத்த கட்டத்தில் அவனுடைய நடுங்கும் விரல்களைக் காட்டிவிட்டு, மூன்றாவதில் "...வில்லை" என்று எழுதினால், நடுக்கட்டத்தில் வாசகர் அவனைக் குற்றவாளி என்று தீர்த்திருப்பார். ஆங்கிலத்தில் மறுப்பு முன்கூட்டியே வந்துவிடுவதால் இதை இவ்வளவு இயல்பாகச் செய்ய இயலாது. தமிழில் நேரடியாகப் படக்கதை எழுதுகிறவர்கள் இந்த வசதியைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் மனக்குறை.

நூலகர் ஐயாவுக்கு: எல்லாக் கட்டங்களையும் வரைந்துவிடுவதாகச் சொன்னீர்கள். அப்படி யாராலும் வரைய முடியாது, ஐயா. ஒரு பக்கத்தில் ஆறேழு கட்டங்கள். அவற்றுக்கு இடையே உள்ள வெள்ளைக் கோட்டில் சில நேரம் ஒரு நொடி கழிகிறது, சில நேரம் பத்து ஆண்டுகள் கழிகின்றன.

கல்பாத்தி வாசகர் எழுதியது:

காளஹஸ்தித் துணியைப் பற்றிப் படித்ததும் எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வந்தது. பாலக்காட்டைச் சுற்றியுள்ள பத்ரகாளி கோயில்களில் இதற்கென்றே கூத்துமாடம் இருக்கிறது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோலில் வெட்டிய பாவைகளின் நிழலைத் திரையில் விழச் செய்து, இரவு முழுதும் ராமாயணம் நடத்துவார்கள். பாடுவது கம்பன் பாட்டு. நடத்துபவருக்குப் பெயர் புலவர். மலையாள மண்ணில், தமிழ்ச் செய்யுளைப் பாடி, மலையாளம் கலந்த தமிழில் விளக்கம் சொல்லும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

இங்கே நகரி நண்பர் சொன்னதற்கு நேர்மாறான நிலையைப் பார்க்கலாம். பாவை நெடுநேரம் அசையாமலேயே நிற்கும். ஒரே நிழலை வைத்துக்கொண்டு புலவர் ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் பொருள் விரிப்பார். படம் இருப்பது ஒன்று. சொல் போவது பல திசை. சொல்லை எடுத்துவிட்டால் அந்தப் படம் தோல்தான். ஆகவே படம், எழுத்து இரண்டில் எது முதன்மை என்பதைக் கலை முழுமைக்கும் பொதுவாக முடிவு செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு கட்டமும் தனக்கென்று ஒரு பங்கீட்டை வைத்துக்கொள்கிறது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நகரித் தம்பிக்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் பாட்டி காட்டிய மூடிய கைதான் என் வாதத்துக்கு நான் தேடிக்கொண்டிருந்த சான்று. எழுத்து, கொடுத்தது என்கிறது. படம், இன்னும் கொடுக்கவில்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவே, அந்த விரல்கள் விரியும் கணத்தை இரண்டையும் படிக்கத் தெரிந்த நீங்கள் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். பாட்டி படத்தை மட்டும் வாசித்தார். எழுத்தை மட்டும் படிப்பவருக்கு மூடிய கை கிடைக்காது.

ஆனாலும் ஆளுக்கொரு பாதி என்று நான் சொன்னது தவறுதான். கல்பாத்தி ஐயா சொன்ன பங்கீடு என்ற சொல்லே பொருத்தம். பாதிதான் என்று யாரும் அளந்து வைப்பதில்லை. ஒரு கட்டத்தில் எழுத்து முக்கால் பங்கு சுமக்கும், அடுத்ததில் முழுதாக ஒதுங்கிவிடும்.

நூலகர் ஐயாவின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் படக்கதையை வாசிக்க யாரும் கற்றுத்தரவில்லை என்றே நினைக்கிறேன். செய்யுளைப் பதம் பிரித்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். கட்டத்தை நின்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மாயாவி என்றதும் பாதிப் பேர் இரும்புக்கையை நினைக்க, மீதிப் பேர் மலையாளச் சிறுவர் இதழான பாலரமாவில் 1984 முதல் வந்துகொண்டிருக்கும் கொம்பும் வாலும் உள்ள குட்டி மாயாவியை நினைத்தார்கள். மலையாள எழுத்து சரியாகத் தெரியாத தமிழ்ப்பிள்ளைகள் அந்தக் கதையில் வரும் லுட்டாப்பியும் குட்டூசனும் என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே அந்த எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகியிருக்கிறார்கள். படம் அவர்களை எழுத்திலிருந்து விலக்கவில்லை. இரண்டாவது எழுத்துமுறை ஒன்றுக்குள் கைப்பிடித்து அழைத்துப் போயிருக்கிறது. வரும் கூட்டத்தில் இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

சித்தூர் நூலகர் எழுதியது:

டீச்சர் எழுதியதை இருமுறை படித்தேன். என் இளமையில் மாத்ருபூமி என்ற மலையாள வார இதழில் ஜி. அரவிந்தன் அவர்கள் சிறிய மனிதர்களும் பெரிய உலகமும் என்ற பொருளுடைய தலைப்பில் 1961 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வரைந்த தொடரைத் தவறாமல் பார்த்தவன் நான். அவர் பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் பெயர் பெற்றார். அந்தத் தொடரின் நாயகன் ராமு வேலையில்லாத இளைஞனாகத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச்செல்ல வயதும் வசதியும் கூடி, மெல்ல மெல்ல வேறு மனிதனாக மாறினான். நீ மாறிவிட்டாய் என்று எழுத்தில் அறிவித்து நடந்த மாற்றம் அல்ல அது. உடை மாறியது, நிற்கும் விதம் மாறியது, பேச்சு மாறியது. வாரம்தோறும் பார்த்து வந்த நாங்கள் உணர்ந்துகொண்டோம்.

அதை நான் வாசிப்பு என்றே அன்று எண்ணினேன். பிள்ளைகள் கையில் இருந்தபோது மட்டும் அதற்கு வேறு அளவுகோல் வைத்துவிட்டேன் என்பது இப்போது தெரிகிறது. ஆயினும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் படக்கதை வாங்கினால், நல்ல உரைநடை நூல்கள் பத்தையும் பக்கத்து அடுக்கிலேயே வையுங்கள். உரைநடை மட்டும் கொடுக்கக்கூடியது ஒன்று உண்டு. அதையும் பிள்ளைகள் இழக்கக் கூடாது.

நகரி வாசகர் எழுதியது:

டீச்சர், மூடிய கையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நேற்று இரவு திரைச்சீலையை இறக்கி மறுபடி பார்த்தேன். கட்டைவிரல் சற்று விலகியே இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் நான் கவனிக்கவில்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் எழுதியது:

கூட்டத்தில் பேசினேன். பத்தில் நான்கு நூல்களுக்கு இசைவு கிடைத்திருக்கிறது; மற்றவற்றை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். நூலகர் ஐயாவின் வேண்டுகோளையும் அங்கே அப்படியே சொன்னேன்.

வடிவமைப்பாளர் தம்பியிடம் ஒரு ஐயம். பிள்ளைகளே நான்கு கட்டத்தில் கதை வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். முட்டி போட்டிருக்கிறார் என்று சொன்ன அந்தப் பெண், பாட்டி வீட்டுக் கதவை வரைந்து முதல் கட்டத்தில் "தட" என்று எழுதியிருக்கிறாள். கதவின் உட்புறத்தைக் காட்டும் அடுத்த கட்டத்தில் இன்னொரு "தட" எழுதியிருக்கிறாள். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று இலக்கணத்தில் நானே கற்பித்திருக்கிறேன். திருத்தச் சொல்லலாமா, விட்டுவிடலாமா? மேலும், எல்லாருடைய குமிழியும் சிறிதாகி எழுத்து வெளியே வழிகிறது.

வேலந்தாவளம் வடிவமைப்பாளர் எழுதியது:

திருத்த வேண்டாம், டீச்சர். அவள் பிரிக்கவில்லை. ஒரே தட்டலை வெளியே இருந்து பாதியும் உள்ளே இருந்து பாதியும் கேட்க வைத்திருக்கிறாள். கட்டங்களை அடுத்தடுத்துப் படிக்கும் வாசகரின் காதில் அது தடதட என்று ஒன்றாகத்தான் விழும்.

குமிழிக்கு வழி எளிது. படத்தை முடித்துவிட்டுக் குமிழி போடுவதால்தான் இடம் போதவில்லை. முதலில் பென்சிலால் வசனத்தை எழுதச் சொல்லுங்கள்; அதைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் விட்டுக் குமிழி போடட்டும்; முகத்தை அதற்குப் பிறகு வரையட்டும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் குமிழிகளின் வால்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். மெய்யெழுத்தின் புள்ளியும் இகரச் சுழியும் மேல் வரியில் மோதாதபடி வரிகளுக்கிடையே சற்று அதிக இடம் தேவை. வரும் சனிக்கிழமை ஊரில்தான் இருப்பேன்; பள்ளியில் அனுமதித்தால் கட்டம் போட்ட தாள்களோடு வந்து பிள்ளைகளோடு உட்காருகிறேன்.